பழைய ஜீப்பில் எத்தனை பேர்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சாயங்காலம் வாசித்துக்கொள்ளலாம்.

மே மாதம் வந்துவிட்டால் என் முகநூல் பக்கம் முழுக்க ஜீப் படங்கள்தான். யாரோ ஒருவர் எங்கோ ஒரு பழைய மகிந்திரா ஜீப்பை விலைக்கு வாங்கி, டிங்கர் வேலை பார்த்து, ராணுவப் பச்சை அடித்து, யானைக்கால் மாதிரி டயர் மாட்டி, மலைச் சரிவில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிறார். கீழே நூறு பேர் இதயக்குறி போடுகிறார்கள். நானும் போடுகிறேன், பழைய ஜீப் எனக்கும் பிடிக்கும். ஆனால் நான் முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தது தேனி மாவட்டத்தில். இங்கே ஜீப் என்பது பொழுதுபோக்காக இருந்ததே இல்லை. அது பிழைப்பு. சில வீடுகளில் அது துக்கமும்கூட.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஜீப்புகளைக் காப்பாற்ற வேண்டும், ஓடுகிற நிலையில் காப்பாற்ற வேண்டும். வண்டி சாலையில் ஓடலாமா கூடாதா என்பதை அதன் வயதை வைத்து முடிவு பண்ணக் கூடாது, உடம்பை வைத்து முடிவு பண்ண வேண்டும். இது ஒன்று. விடியற்காலை நாலரை மணிக்கு அதே ஜீப்பில் பதினைந்து, பதினாறு பெண்களை அடைத்துக்கொண்டு மலையேறுவதை "எங்க மண்ணின் அடையாளம்" என்று ரசித்து எழுதக் கூடாது. அது இன்னொன்று. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இரண்டு பக்கமும் கோபம் வருகிறது. வரட்டும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. வாத்தியார் புத்தி, விடாது.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. எடை குறைவாக, நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி ஒன்று வேண்டும், மாதிரி வண்டியை 49 நாளில் தர வேண்டும் என்று. முடியும் என்று நேரத்தில் செய்து காட்டியது பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் ஊரில் இருந்த அமெரிக்கன் பான்டம் என்ற, மூடும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு சின்னக் கம்பெனி. கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற எஞ்சினியர் வந்து சில நாளில் வரைபடம் போட்டுக் கொடுத்தார். செப்டம்பர் கடைசியில் வண்டி ராணுவத்திடம் போய் நின்றது. ஆனால் பெரிய ஆர்டர் முழுக்க வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. பான்டம் கம்பெனிக்குக் கடைசியில் ஜீப்பின் பின்னால் மாட்டும் இழுவை வண்டி செய்கிற வேலைதான் மிஞ்சியது. யோசனை கொடுத்தவன் ஒருத்தன், பெயர் வாங்கியவன் இன்னொருத்தன். பள்ளிக்கூட ஆண்டு விழாவில்கூட இதுதானே நடக்கிறது!

போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்து தள்ளின. 'ஜீப்' என்ற பெயர் எப்படி வந்தது என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. ஜி, பி என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்துச் சொன்னது என்பார் சிலர். பாப்பாய் படக்கதையில் 1936-ல் வந்த, எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய ஒரு வினோதப் பிராணியின் பெயர் என்பார் சிலர். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

நம் நாட்டுக்கு அது வந்த கதையும் சுவாரசியம். 1945-ல் லூதியானாவில் தொடங்கிய கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்ட் முகமது. பங்குதாரராக இருந்த குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல் இங்கே கம்பெனிப் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. வில்லிஸ் ஜீப்புகள் உதிரியாகக் கப்பலில் வந்து பம்பாயில் பூட்டப்பட்டன. நம் ஊரில் ஜீப் என்றதும் கண்ணில் வருகிற அந்த உயரமான பானெட் உள்ள வண்டி, சிஜே-3பி என்கிற ரகம். அது அமெரிக்காவில் 1953-ல் வந்தது. உள்ளே வைத்த புது எஞ்சின் உயரமாக இருந்ததால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அமெரிக்காக்காரன் 1968-ல் அதை நிறுத்திவிட்டான். நாம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டு அதையே தட்டி நிமிர்த்தி ஓட்டினோம்.

ஒரு காலத்தில் இந்த வண்டி என்றாலே அரசாங்கம்தான். பி.டி.ஓ. ஜீப், போலீஸ் ஜீப், மலேரியா ஒழிப்புக்கு வரும் ஜீப். எங்களுக்கு ஜீப் என்றால் டி.இ.ஓ. மலை அடிவாரப் பள்ளியில் நான் சேர்ந்த புதிதில், தூரத்தில் புழுதி கிளம்புவதைப் பார்த்ததும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மரத்தில் இருந்தபடியே "சார்... ஜீப்பு!" என்று கத்துவான். தலைமையாசிரியர் சட்டைப் பொத்தானைப் போடுவார், நான் பாடத்திட்ட நோட்டைத் தேடுவேன். பல நாள் அது ஏலக்காய் மூட்டை ஏற்ற வந்த ஜீப்பாக இருக்கும்.

மலையில் இந்த வண்டி ஏன் நிலைத்தது என்பதற்கு இயற்பியல் வாத்தியாராக ஒரு வார்த்தை. ஜீப்பில் கியர் கம்பி தவிர இன்னும் குட்டியாக ஒன்றோ இரண்டோ கம்பி நிற்கும். ஒன்று நான்கு சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுக்கிறது. இன்னொன்று 'லோ'. லோவில் போட்டால் சக்கரம் சுற்றும் வேகம் குறையும், சுற்றுகிற வலு கூடும். சிஜே-3பியில் சுமார் இரண்டரை மடங்கு. நெம்புகோலில் நீளமான பக்கத்தைப் பிடித்து அழுத்துகிற அதே கணக்குதான். வேகத்தைக் கொடுத்துவிட்டு விசையை வாங்கிக்கொள்கிறோம். இறக்கத்தில் இதே கணக்கு உயிரைக் காப்பாற்றும். வண்டி தானாக ஓட நினைத்தாலும் எஞ்சின் பிடித்து இழுத்து நிறுத்தும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்த பழைய வண்டியில், தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும். நல்ல மலை டிரைவர் காலால் இறங்க மாட்டான், கியரால் இறங்குவான். இதைப் பத்தாம் வகுப்பில் பெயிலான என் மாணவர்கள் எனக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு மாணவன். பெயர் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. அவனுடைய அப்பா போடியில் இருந்து மலைக்கு ஜீப்பில் ஆள் ஏற்றி ட்ரிப் அடித்தவர். இவன் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். அப்பாவின் ஜீப் அவனிடம் இருக்கிறது. 1986 ஜூனில் பதிவானது, பியூஜோ டீசல் எஞ்சின். எண்பதுகளில் இந்த எஞ்சின் வந்த பிறகுதான் பெட்ரோல் செலவு பார்த்துப் பயந்த பலர் மலைக்கு ஜீப் வாங்கினார்கள். அந்த வண்டியில்தான் இந்த மாதம் முதல் வாரம் நாங்கள் ஒரு பயணம் போனோம். நான், என் மனைவி, சென்னையில் இருந்து விடுமுறைக்கு வந்த பேரன், ஸ்டீயரிங்கில் அவன். "சார், கார்ல போனா ரெண்டு மணி நேரம், நம்ம வண்டியில நாலு மணி நேரம். பரவாயில்லையா?" என்று முன்பே கேட்டுவிட்டான்.

பேரனுக்கு முதல் சந்தேகம் ஏசி எங்கே என்பது. முந்தல் சோதனைச் சாவடி தாண்டியதும் படுதாவைச் சுருட்டிக் கட்டினான் என் மாணவன். அதன் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

போடி மெட்டுச் சாலை இப்போது அகலமாகி, கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் பகுதி ஆகிவிட்டது. 17 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் வேப்பங்காற்றும் அனலும். நாலாயிரம் அடிக்கு மேலே போனதும் சட்டைக்குள் குளிர் நுழைகிறது. மூடிய காரில் போனால் இந்த மாற்றம் தெரியவே தெரியாது. ஆறாவது வளைவிலோ ஏழாவதிலோ ரேடியேட்டர் சூடு ஏற, ஓரங்கட்டி நிறுத்தினோம். மூடியைத் திறக்க அவன் அவசரப்படவில்லை. இருபது நிமிஷம் உட்கார்ந்தோம். என் மனைவி கொண்டுவந்த புளியோதரை அங்கேயே காலியானது. ஆறிய பிறகு ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகித் தண்ணீர் ஊற்றினான். பேரன் வண்டிக்கு அடியில் குனிந்து, "தாத்தா, இதுல எல்லாமே வெளியிலேயே தெரியுது!" என்றான். ஸ்பிரிங் பட்டை, ஜாயின்ட், சுற்றுகிற தண்டு எல்லாம் ஒரு பையனின் கண்ணுக்குத் தெரிகிறது, கையால் தொட முடிகிறது. அவன் அப்பாவின் காரில் பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான் இருக்கிறது. பழைய வண்டியின் மேல் எனக்குள்ள பிரியத்தில் பாதி இதுதான். அது தன்னை ஒளித்துக்கொள்வதில்லை. ஒரு திருப்புளியும் இரண்டு ஸ்பேனரும் இருந்தால் ஒரு கிராமத்துப் பையன் இயந்திரவியல் கற்றுக்கொள்ளலாம். எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி போய், அங்கே நம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப் ஒன்றில் கொழுக்குமலை ஏறினோம். கொழுக்குமலை தமிழ்நாட்டில், எங்கள் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் வண்டி போகும் வழி கேரளத்தில். மேலே ஏழாயிரம் அடிக்கு மேல் உயரத்தில் பழைய இயந்திரங்கள் இன்னும் ஓடுகிற ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அந்தப் பாதையைப் பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான், முழுக்க உருண்டைக் கல். அந்த டிரைவர் ஒரு கையில் ஸ்டீயரிங்கும் ஒரு கையில் கியருமாக, பக்கத்தில் இருந்த என் மாணவனோடு பேசிக்கொண்டே ஏறினார். இருவரும் பேசியது முழுக்க வண்டி வைத்தியம். எந்த லேத்தில் எது கிடைக்கும், எந்த ரக ஜாயின்ட் கல்பாதையில் எத்தனை மாதம் தாங்கும். எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத அறிவு அது. விண்டேஜ் என்று நாம் கொண்டாட வேண்டியது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. இரும்பை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கலாம், அதை எப்போது எவ்வளவு திருக வேண்டும் என்று அறிந்த கையை வாங்க முடியாது.

மேலே இருந்து கீழே போடிப் பக்கம் பார்த்தபோது பேரனுக்கு ஒன்று காட்டினேன். 1924 வெள்ளத்துக்கு முன்னால் மூணாறுப் பக்கம் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு குட்டி ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போகும். வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மலைக்கும் சமவெளிக்கும் நடுவே சரக்கும் ஆளும் போக எப்போதும் ஏதோ ஒரு வாகனம் தேவைப்பட்டிருக்கிறது. ரயில், கம்பிவடம், கழுதை, பிறகு ஜீப்.

இப்போது ஆசைக்காரர்கள் விஷயம். ஒரு வருஷமாக என் மாணவனின் வண்டிக்கு விலை கேட்டு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். ஒருவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கே தலை சுற்றியது. வாங்கி என்ன செய்வீர்கள் என்று அவன் கேட்டிருக்கிறான். பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு எஞ்சின், அகல டயர், உயர்த்திய ஸ்பிரிங், கூரையில் வரிசையாக விளக்கு, இரண்டு ஸ்பீக்கர். அப்புறம் அதில் பழையது என்ன மிச்சம், நம்பர் பலகையா?

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. காரணம் வெறும் அதிகாரம் இல்லை. அகல டயரை மாட்டினால் சக்கரத்தின் எடை அச்சுக்கு வெளியே தள்ளிப்போகிறது. அச்சும் தாங்கியும் அதற்காகச் செய்ததில்லை. ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போகிறது. ஜீப் ஏற்கெனவே குட்டையான, உயரமான வண்டி. வளைவில் எந்தப் பக்கம் சாயும் என்று ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் போதும் சொல்ல. இதோடு ஓடைக்குள் இறக்கி உறுமவிட்டு வீடியோ எடுப்பவர்கள் வேறு. கோடையில் அந்த ஓடையில் கிடக்கிற கொஞ்சத் தண்ணீரைத்தான் மானும் குடிக்கிறது, கீழே உள்ள ஊரும் குடிக்கிறது. அதில் டீசலையும் கிரீஸையும் கழுவிவிட்டு 'இயற்கையை நேசிக்கிறோம்' என்று எழுதுகிறார்கள். எல்லாரும் இப்படி இல்லை, எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே ஒவ்வொரு போல்ட்டையும் தேடிப் பிடித்துப் பூட்டுகிற பொறுமைசாலிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் கும்பிடு.

அரசாங்கத்தின் பக்கமும் பேச வேண்டும். 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று ஒரு விதி வந்தது. முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிய மாற்றமில்லாமல் அப்படியே இருக்கும் வண்டிக்குத் தனிப் பதிவு, 'விஏ' என்ற எழுத்தோடு எண். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் வண்டியை வழக்கமான தேவைக்கோ தொழிலுக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எண்ணெய் போடுவது, பழுது பார்ப்பது, இவ்வளவுதான். என் மாணவனின் ஜீப் 2036-ல் அந்தத் தகுதியைப் பெறும். பெற்றால் போடிச் சந்தைக்குப் போக முடியாது, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி அலங்கரித்து நிற்கத்தான் முடியும். கார் கொட்டகை உள்ள பணக்காரருக்கு அது சரி. ஒரே வண்டி வைத்திருப்பவனுக்கு?

அந்த 50 வருஷம் வரும்வரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் வரை காருக்கு மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாய். பிறகு 5,000. போன வருஷம் ஆகஸ்டில் இருந்து, 20 ஆண்டு கடந்த வண்டிக்கு 10,000. பசுமை வரி தனி. பழைய வண்டி புகை கக்கும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. கட்டுப்பாடு வேண்டும். ஆனால் மாதம் இருநூறு கிலோமீட்டர் ஓடுகிற, ஒழுங்காகப் பராமரித்த ஒரு ஜீப் விடுகிற புகையும், தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிற, பராமரிப்பே இல்லாத ஒரு வண்டி விடுகிற புகையும் ஒன்றா? பரிசோதனையைக் கடுமையாக்குங்கள். புகையை அளங்கள், பிரேக்கைச் சோதியுங்கள், சேஸிஸில் துரு இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தேறாவிட்டால் தள்ளிவிடுங்கள், நான் கண்ணீர் விட மாட்டேன். பிறந்த தேதியைப் பார்த்து மார்க் போடுவது மட்டும் வேண்டாம். எந்த வாத்தியாரும் அப்படித் தாள் திருத்த மாட்டான்.

சரி, இப்போது எனக்கு முக்கியமான விஷயம்.

நாங்கள் போனபோது முந்தலைத் தாண்டியது காலை ஆறு மணி சுமாருக்கு. எங்களுக்கு முன்னால் ஒரு ஜீப். பின்பக்கக் கதவு இல்லை, ஒரு சங்கிலி. அதைப் பிடித்துக்கொண்டு மூன்று பெண்கள், கால் பாதி வெளியே. பேரன் எண்ண ஆரம்பித்தான். வெளியே தெரிந்தவர்கள் மட்டும் பதிமூன்று. தூக்குவாளி, தலையில் துண்டு. ஒரு அக்கா எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தார். "தாத்தா, நம்ம வண்டியில நாலு பேருக்கே இடம் பத்தல, அதுல எப்படி?" என்றான் பேரன். ஸ்டீயரிங்கில் இருந்தவன் ஒன்றும் சொல்லவில்லை.

போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் என்று அடிவார ஊர்களில் இருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படித்தான் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய் வருகிறார்கள். இங்கே காட்டு வேலைக்குக் கிடைப்பதைவிட அங்கே கூலி கூடுதல். தோட்டத்துக்குள் பேருந்து போகாது. எட்டு மணிக்குள் வேலையில் நிற்க வேண்டும். ஜீப்காரருக்குத் தலைக்கு இவ்வளவு என்று வருமானம், ஆகவே தலை கூடக் கூட லாபம். வண்டி தமிழ்நாடு, தோட்டம் கேரளா. விபத்து நடந்தால் இரண்டு மாநில அதிகாரிகளும் ஒரு வாரம் வண்டிகளைப் பிடிப்பார்கள், அபராதம் போடுவார்கள். எட்டாவது நாள் பழையபடி. அந்த ஒரு வாரம் வேலை இழப்பதும் அந்தப் பெண்கள்தான்.

நான் வகுப்பாசிரியராக இருந்த வருஷங்களில் காலை வருகைப் பதிவில் 'தாமதம்' என்று எழுதப்படும் பெயர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். விசாரித்தால் அம்மா நாலரைக்கு ஜீப் ஏறிவிட்டிருப்பாள். தம்பி தங்கைக்குச் சோறாக்கி, தலை வாரிவிட்டு, பிறகுதான் இவள் வர வேண்டும். சாயங்காலம் ஜீப் வர ஆறு, ஏழு ஆகும். மழை நாளில் இருட்டிய பிறகும் ஜீப் வராவிட்டால் அந்தத் தெருவே வாசலில் நிற்கும். ஒரு முறை அப்படி நின்ற தெருவில் மறுநாள் நானும் மாலையோடு போய் நின்றேன். இறந்த அம்மாவின் மகள் என் வகுப்பு, ஒன்பதாவது. இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் அந்த ஜீப் படத்துக்குக் கீழே "செம கெத்து", "மலை ராஜா" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு ஒப்பவில்லை. நாங்கள் நாலு பேர் புளியோதரையோடு போனது ஆசைக்காக. வண்டி நின்றால் இருபது நிமிஷம் காற்று வாங்கினோம். அவர்கள் வண்டி நின்றால் அரை நாள் கூலி போகும். ஒரே ரக வண்டி, ஒரே வளைவு, ஆனால் அது ஒரே பயணம் இல்லை. டிரைவர்களைத் திட்டுவதும் என் நோக்கம் இல்லை. பெரும்பாலோர் என் மாணவர்கள் வயது, கடனில் வண்டி ஓட்டுபவர்கள். ஆறு பேரை மட்டும் ஏற்றினால் டீசலுக்கே கட்டாது என்பதும் உண்மை. அந்தக் கணக்கைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அவர்கள் மட்டுமா?

2021-ல் இருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். பெரிய உதவி, என் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவே சொல்வார். ஆனால் காலை நாலரை மணிக்கு மெட்டு ஏறுகிற பேருந்துதான் இல்லை. அடிவார ஊர்களில் இருந்து விடியலில் புறப்பட்டு மெட்டு தாண்டித் தோட்டச் சாலை பிரியும் இடம் வரை போகும் பேருந்துகள் வேண்டும். இரண்டு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் பேசினால் ஆகாத காரியம் இல்லை. அங்கிருந்து தோட்டத்துக்குள் போகும் கடைசி மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஜீப் ஓடட்டும். அங்கேதான் அதன் வேலை. முறையான பர்மிட்டோடு, இருக்கைக்கு ஒருவராக, செலவில் ஒரு பங்கைத் தோட்ட முதலாளி ஏற்கட்டும். போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் கைமாறுகிற காய் அந்தப் பெண்களின் விரல் பட்டுத்தான் வருகிறது. ஏலக்காய் விலையில் ஜீப் சத்தம் ஒரு பைசாவாவது இருக்கக் கூடாதா?

கூடவே ஒரு சின்ன யோசனை. நம் மாவட்ட ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஒருநாள் இந்தப் பழைய ஜீப் மேஸ்திரிகளைக் கூப்பிட்டு வகுப்பு எடுக்கச் சொல்லலாம். பலருக்கு அறுபது, எழுபது வயது ஆகிவிட்டது. எழுதி வைக்க ஆள் இல்லை. வெளியூர் ஆசைக்காரர்கள் ஸ்பீக்கருக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை இதற்குக் கொடுத்தால் நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

என் மாணவனிடம் திரும்பும் வழியில் கேட்டேன், வண்டியை விற்கப் போகிறாயாடா என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இறங்கினான், இரண்டாவது கியரில். "சார், எங்கப்பா இதுல பதினெட்டு பேர ஏத்தியிருக்காரு. நான் ஒருநாளும் ட்ரிப் அடிக்கல. அதுக்காக இத வித்துட்டா அப்பா செஞ்சது தப்புன்னு சொன்ன மாதிரி இருக்கும், வச்சுக்கிட்டே இருந்தா சரின்னு சொன்ன மாதிரியும் இருக்கும். ஒண்ணும் புரியல" என்றான். என்னிடமும் பதில் இல்லை. அப்போதைக்கு ஓட்டுவோம் என்று முடிவு பண்ணியிருக்கிறான்.

ஜூன் இரண்டாவது வாரம் மறுபதிவுக்கு வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிறது. முன் இடது சக்கரத்தின் பிரேக் சிலிண்டர் கசிகிறது, அதை மாற்றாமல் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த மாட்டேன் என்கிறான். அந்தப் பழைய அளவு சிலிண்டர் மதுரையில் இரண்டு கடையில் கேட்டாகிவிட்டது, இல்லை. யாரிடமாவது புதிதாகவே இருந்தால் சொல்லுங்கள், உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்வான்.